காக் போடும் கை

திருச்செங்கோட்டுக்கு வெளியே, முன்பு போர்வெல் போடும் ரிக் லாரிகள் நின்ற தகர ஷெட்டில் இப்போது இரண்டு இறகுப்பந்துக் கோர்ட்டுகள் இருக்கின்றன. அங்கே பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தருபவள் அறிவுச்செல்வி. வயது நாற்பத்து மூன்று. சொல்லித் தருவதில் பாதி, காக் என்கிற அந்த இறகுப்பந்தைப் போடுவதுதான். இடக்கையில் காக்குகளை அடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். எதிரே நிற்கும் பிள்ளை எந்த அடியைப் பழகுகிறதோ, அதற்குத் தோதாகப் பதமாக இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரமாவது இருக்கும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும், விடுங்கள்.

இவ்வளவு அடித்தவள், தான் ஒரு முழு ஆட்டம் ஆடி வருஷக்கணக்காகிறது. கல்லூரியில் ஜோடி சேர்ந்து ஆடியவள் கல்யாணமாகிக் கனடா போய்விட்டாள். காலையில் ஆட வரும் தறிப்பட்டறைக்காரர்கள் நாலு பேர். அதில் ஒருவர் வராத நாளில்கூட, "மேடம், ஒரு பத்துக் காக் போடுங்க" என்பார்களே தவிர, "வாங்க, ஆடலாம்" என்று ஒப்புக்குக்கூடச் சொன்னதில்லை. வீட்டிலும் பேச ஆளில்லை. ஒற்றை ஆளுக்குச் சோறு வடித்து, டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பாள். தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமல்லவா?

ஆடி மாசத்தில் சித்ரா வந்தாள். மாணவி கிருத்திகாவின் அம்மா. மேட்டூரில் கணவரின் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தபோது அங்கிருந்த கிளப்பில் ஆடிப் பழகியவள்.

"ஏனுங்க மேடம், ஞாயித்துக்கிழமை சும்மாதான இருப்பீங்க? ஒரு கேம் போடலாமுங்களா?"

அறிவுச்செல்வி சனிக்கிழமையே பேட்டுக்குப் புது கிரிப் சுற்றிவிட்டாள்.

முதல் வாரம் சித்ரா இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் ஜெயித்தாள். அடுத்த வாரமும் அவள்தான். தோற்றது அறிவுச்செல்விக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஆட்டம் முடிந்து இருவரும் ஷெட் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மேட்டூர் மீனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, முட்டிவலியைப் பற்றிச் சித்ரா பேசினாள். அந்தக் கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு அறிவுச்செல்வி ஒரு வாரத்தை ஓட்டினாள். இனி எல்லா ஞாயிறும் இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். பேராசையா இது?

மூன்றாம் வாரம், ஆட்டத்தின் நடுவில் சித்ரா கோர்ட்டின் இடது பின்மூலைக்குப் போய் நின்றுகொண்டாள். வலையை ஒட்டி முன்பக்கம் முழுவதும் காலி. சின்னப் பிள்ளைகூட அங்கே தட்டிவிட்டுப் புள்ளி எடுத்துவிடும். அறிவுச்செல்வி அடித்தாள். காக் உயர்ந்து போய், மூலையில் நின்ற சித்ராவின் தோளுக்கு நேராக, பதமாக இறங்கியது. சித்ரா அதைத் தொடவில்லை. தரையில் விழவிட்டாள்.

"முன்னாடி அத்தனையும் காலியாக் கெடக்குது. உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க. கை தானா..."

"ரெண்டு வாரமும் நானா ஜெயிக்கலீங்க. நீங்க ஜெயிக்க உட்டிருக்கீங்க. புள்ளைகளுக்குப் போடற மாதிரி எனக்கும் போட்டுக் குடுத்திருக்கீங்க."

"சத்தியமா இல்லீங்க சித்ரா. பழக்கத்துல தெரியாம வந்துருச்சுங்க."

சித்ரா நம்பவில்லை. எப்படி நம்புவாள்? கேட்கிற யாருக்கும் அது சாக்காகத்தான் தெரியும். பேட்டை உறையில் போட்டாள். "டீ குடிச்சுட்டுப் போலாமுங்க" என்று அறிவுச்செல்வி சொன்னபோது, அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, புது கிரிப் போட்ட பேட்டோடு அறிவுச்செல்வி பத்து மணிவரை காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் வழக்கம்போல வகுப்பு. எதிரே கிருத்திகா.

"ஆள் எங்க நிக்கறாங்கன்னு பாரு சாமி. அவங்க இல்லாத எடத்துல அடிக்கோணும். அம்புட்டுத்தான் ஆட்டம்."

கிருத்திகா பேட்டைத் தாழ்த்தினாள். "அப்பறம் எங்கம்மாகிட்ட மட்டும் ஏன் மேடம் அப்படி அடிக்கல? அம்மா ஊட்டுல வந்து அழுதுச்சு."

சித்ராவும் அழுதாளா?  அம்மாவிடம் போய்ச் சொல், வேண்டுமென்று செய்யவில்லை, இந்த வாரம் ஒரே ஒரு தடவை வரச் சொல் என்று கெஞ்சத்தான் அறிவுச்செல்வி வாயைத் திறந்தாள்.  அதற்குள் பிள்ளை கேள்வியை மறந்து, பேட்டை உயர்த்தி, அடுத்த காக்குக்குத் தயாராகிவிட்டது.

அறிவுச்செல்வி போட்டாள். அது பிள்ளையின் தோளுக்கு மேலே, பதமாகப் போய் இறங்கியது.