பட்டாளத்துக்குப் போன படம்

சண்டைக் காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போயிருந்த சமயம். லீவில் வந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் எங்கள் ஊரைத் தேடி வந்து, “உங்களையும் நாயையும் சேத்து ஒரு போட்டோ புடிச்சு வாங்கியாரச் சொன்னாருங்க” என்றார். பெற்ற தாயைக் கேட்கவில்லை, வளர்த்த நாயைக் கேட்டிருந்தார்! சிரிப்பு வந்தது. ஆனால் சிநேகிதர் அவரைப் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும்?

எங்கள் பக்கத்தில் அப்போது உயிரோடு இருப்பவர்களைப் படம் பிடிப்பதில்லை. ஆயுசு குறையுமாம். செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, ஒரே ஒரு படம் எடுப்பார்கள். என் ஆயுசு போனால் போகட்டும் என்று துணிந்து, அரூரிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தேன். பெட்டியையும் மூன்று கால் ஸ்டாண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஊரே பார்க்க வந்து சேர்ந்தார்.

வெளிச்சத்துக்காக எங்களைக் களத்துப் பாறையோரம் நிறுத்தினார். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் போதும், நாய் குரைத்துத் தள்ளியது. நான் விறைத்துப்போய் நின்றேன். “கொஞ்சம் சிரிச்ச மொகமா இருங்கம்மா” என்றார். எங்கிருந்து சிரிப்பது?

அப்போது நாலைந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு களத்துக்கு ஓடிவந்தார்கள். “எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே!” தந்தி வந்துவிட்டது, அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அவர்களுக்குப் பின்னாலேயே என் மாமியார் தலையில் புல்லுக்கட்டோடு வந்து நின்றார். விடியலிலேயே காட்டுக்குப் போனவர். “யாருடி செத்தது?”

அழுகை சட்டென்று நின்றது. “நீங்கதான்... ஆத்தா” என்று ஒருத்தி இழுத்தாள். “போட்டோக்காரரு உங்க வூட்டுக்குப் போனாருங்க. காத்தாலேருந்து உங்களையும் காணலீங்க...”

“குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், எனக்கு ஒப்பாரியா?” புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு மாமியார் அவர்களைத் துரத்தினார்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை. தந்தியும் இல்லை, கிந்தியும் இல்லை. நான் தொப்பென்று பாறையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தேன். நாய் வந்து மடியில் தலையை வைத்தது. போட்டோக்காரர் அதைத்தான் படம் பிடித்தார். பல்லெல்லாம் தெரிகிறது என்று மாமியாருக்கு ஏக வருத்தம்.

சிநேகிதர் படத்தைக் கையோடு கொண்டுபோனார். சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் முழுசாகத் திரும்பி வந்தார். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “இங்க பஞ்சம், காலரான்னு அங்க பேசிக்குவாங்க. வூட்டுலேருந்து வர்ற காயிதத்துல மட்டும் எல்லாரும் சௌக்கியம்னே இருக்கும். அதை எவன் நம்புவான்? நீ சிரிக்கறதைப் பாத்த அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன், புள்ள.”

குண்டு விழுகிற இடத்தில் இருந்தவர், வீட்டில் களி தின்றுகொண்டிருந்த எங்களுக்காகப் பயந்து கிடந்திருக்கிறார்.