காகிதத்தில் ஐந்து வயது இளையவள்

தொழிற்சாலை மூடுவதற்கு முந்திய மூன்று மாதமும் நாங்கள் சட்டை தைக்கவில்லை. சீனாவிலிருந்து தைத்து முடித்து வந்த சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, தொங்கும் நூலை நறுக்கி, மடித்து, எங்கள் தொழிற்சாலையின் அட்டையைக் கொழுவினோம். பதினான்கு வருடம் கொலர் தைத்த கைக்கு நூல் நறுக்கும் வேலை. அந்தச் சட்டைகளின் கொலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எரிச்சல்.

பக்கத்து மெஷினில் மன்னார்க்காரி ஒருத்தி இருந்தாள். கணவர் இறந்துபோன பிறகு மொன்றியலில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். காய்ச்சல் என்றால் சூப்போடு வருவாள். நான் ஏதாவது பிழை விட்டால் எல்லார் முன்னும் ஏசுவாள். என்னைத் "தங்கச்சி" என்பாள். நான் அவளை "அக்கா" என்பேன். உண்மையில் அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். அது எனக்கு மட்டுமே தெரியும்.

நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரனிடம் தயாராக இருந்தது என்னைவிட ஐந்து வயது குறைந்த ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு. அதிலிருந்த பிறந்த தேதியை விமானத்தில் முணுமுணுத்து முணுமுணுத்துப் பாடமாக்கினேன். இறங்கி அகதி என்று சொன்ன பிறகு உண்மைப் பெயரைத்தான் கொடுத்தேன். ஆனால் அதிகாரி பிறந்த தேதியைக் கேட்டதும் பாடமாக்கியது வாயில் வந்துவிட்டது. திருத்தப் பயம். பிறகு எல்லாக் காகிதங்களும் அந்தத் தேதியோடுதான் வந்தன. காகிதத்துக்கு ஏற்ற தலை வேண்டுமே என்று மாதாமாதம் நரைக்கு மை பூசினேன். யாராவது வயதைக் கேட்டால் கூச்சமில்லாமல் காகித வயதைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

மூடப்போகும் வாரத்தில் அரசாங்க அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து எங்களைச் சாப்பாட்டு அறையில் இருத்தினார்கள். வெளிநாட்டுத் துணியால் வேலை இழந்தவர்களுக்கு உதவி உண்டு. ஐம்பத்தைந்து வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வரும்வரை மாதாமாதம் பணம், பிரெஞ்சு வகுப்பு. அதற்குக் கீழே உள்ளவர்கள் வேலை தேட வேண்டும், அதற்கு வழிகாட்டுவார்கள்.

மன்னார்க்காரிக்கு அப்போதுதான் ஐம்பத்தைந்து முடிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ தங்கச்சி, மூண்டு வருசத்தாலை தவறிப்போச்சே. பறவாயில்லை, நீ இளசு. உன்னை ஆரும் எடுப்பினம்."

தலையை ஆட்டினேன். எனக்கு வயது ஐம்பத்தேழு.

அலுவலகத்தில் என்னைத் தனியே சந்திக்க ஒரு நாள் குறித்துத் தந்தார்கள். அதுவரை இரண்டு மாதம் தலைக்கு மை பூசவில்லை. நரைத்த தலையோடு போனால் அவர்களாகவே கேட்பார்கள், நானும் சொல்லிவிடலாம் என்ற நப்பாசை. "என் பிறந்த தேதி பிழை" என்று பிரெஞ்சில் ஒரு வசனத்தையும் மெட்ரோவில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பிள்ளை நல்ல மரியாதையானவள். ஆனால் என் தலையைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டுதானே, இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது என்று சிரித்தாள். மேசையில் என் குடியுரிமை அட்டை கிடந்தது. ஒன்று பொய் என்றால் எதையெல்லாம் திருப்பிக் கேட்பார்களோ? மனப்பாடம் செய்த வசனத்தை விழுங்கிவிட்டு "மெர்சி" என்று சொல்லி எழும்பினேன்.

வேலை கேட்டுப் போன இடங்களில் மட்டும் தலையை வடிவாகப் பார்த்தார்கள். கடைசியில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு கட்டடத்தின் படிகளைத் துடைக்கும் வேலை கிடைத்தது. மன்னார்க்காரி பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள். பின்னேரங்களில் போனில் அன்றைய பாடத்தை எனக்கு ஒப்புவிப்பாள். பொறாமையாக இருந்தது. அதைவிட, அந்த வகுப்பில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இல்லையே என்ற துக்கம் பெரிதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன் பணிஸோடு வீட்டுக்கு வந்தாள்.

"ஏன் தங்கச்சி, இப்ப தலைக்கு மை பூசிறேல்லையே? கிழவி மாதிரிக் கிடக்கு."

சொல்லிவிட்டேன். விமானம், பாடமாக்கிய தேதி, உண்மை வயது, எல்லாம். தேநீர்க் கோப்பையை வைத்தாள்.

"அப்ப நீங்கள் எனக்கு மூப்பே? பதினாலு வருசமா உங்களை நீ, வா எண்டெல்லோ கதைச்சனான்."

"அதுக்கென்ன அக்கா? அப்பிடியே கதையுங்கோவன்."

"என்னை அக்கா எண்டு சொல்லாதேங்கோ." முகம் சிவந்துவிட்டது. "எத்தினை தரம் உங்களை ஏசியிருப்பன். ஒருக்காலும் சொல்ல மனம் வரேல்லையே?"

அவள் என்னை ஏசும்போதெல்லாம் இந்த ஊரில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அதை எப்படிச் சொல்வது?

கோபித்துக்கொண்டு போனாள் என்று சொல்ல முடியாது. போன் எடுப்பாள். முன்பெல்லாம் "ஹலோ தங்கச்சி" என்று தொடங்குவாள். இப்போது "ஹலோ" என்பாள், கொஞ்சம் நிற்பாள், பிறகு "சாப்பிட்டீங்களோ" என்று கேட்பாள். அவள் நிற்கிற அந்த நேரத்தில் நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன். பிறகு "ஓம், சாப்பிட்டன்" என்பேன்.