செவலைக்கு மேல் காரி

1938 ஜனவரியில் இருளாயிக்கு வயது இருபத்திரண்டு. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டையில் சூசைராஜின் அச்சுக்கடைக்கு வாழ்த்து அட்டைகளுக்கு வண்ணம் தீட்ட வந்திருந்தாள். மரக்கட்டையில் செதுக்கிய படத்தை மையில் ஒற்றி அட்டையில் குத்துவது சூசைராஜின் வேலை: ஒரு பானை, இரண்டு கரும்பு, ஒரு காளை. கறுப்புக் கோடுகளுக்குள் நிறம் நிரப்புவது இவள் வேலை. முதல் கட்டு அட்டை சரியாக வந்தால் கடையிலேயே இருக்கலாம். கெட்டால் பழையபடி செங்கல் சூளை. அப்படித்தான் பேச்சு.

"மாட்டத் தொடாத. வெள்ளையாவே விட்டுரு. கொம்புக்கு மட்டும் செவப்பு," என்று சொல்லிவிட்டு, சூசைராஜ் தாள் வாங்கத் திருச்சிக்குப் போனார்.

இருளாயி பிறந்தது வல்லத்திராக்கோட்டையில். நடக்கத் தெரிந்த நாள் முதல் மஞ்சுவிரட்டு பார்த்தவள். அவளுக்குத் தெரிந்து வெள்ளை மாடு வண்டி இழுக்கும். தொழுவிலிருந்து பாயும் மாட்டுக்கு நிறம் வேண்டும். முதல் காளைக்குச் செவலை நிறம் போட்டாள். திமிலில் கறுப்பாக ஒரு தீற்றல். மூக்கை மட்டும் வெள்ளையாக விட்டாள். நன்றாக இருந்தது. கட்டு முழுவதையும் அப்படியே முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை, அட்டைகளுக்குச் சொல்லிவைத்திருந்த குன்றாண்டார்கோவில் மளிகைக்காரர் சிவசாமி வந்தார். ஓர் அட்டையை எடுத்தவர் வெளிச்சத்துக்கு நகர்ந்தார்.

"இது வல்லத்திராக்கோட்டை மாடுல்ல?"

இருளாயிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊரு மாடுதாங்க. பாத்ததும் தெரியுதுங்களா?"

"தெரியாம என்ன. போன வருசம் என் மச்சான் வேட்டியக் கொம்புல மாட்டிக்கிட்டுக் கம்மா வரைக்கும் போன மாடு."

"வேட்டிய அங்கனயே போட்டுட்டுத்தானுங்களே வந்துச்சு."

"வேட்டி கெடக்கட்டும். மச்சான் எப்படி வீடு வந்தான்னு கேளு."

தாள்கட்டைத் தோளில் சுமந்தபடி சூசைராஜ் உள்ளே நுழைந்தார்.

"சூசை, இந்த மாட்டப் போட்டு எங்க ஊருல வாழ்த்துச் சொன்னா, என்னயத்தான் அவுத்து விட்டு வெரட்டுவாங்க. எனக்கு வேணாம்."

சூசைராஜ் அட்டையைப் பார்த்தார், இருளாயியைப் பார்த்தார். "வெள்ளையா விடச் சொன்னேன்ல?"

"வெள்ள வண்டிமாடுங்க, மொதலாளி."

"ஏன், வண்டிமாட்டுக்குப் பொங்கல் கெடையாதாக்கும்? சூளைக்கு ஆளு தேடுறாங்களாம், ஆத்தா."

இருளாயி சிவசாமியின் பக்கம் திரும்பினாள். "உங்க ஊரு மாடு என்ன நெறங்க?"

"காரி. அண்டங்காக்கா நெறம். மூக்குல மட்டும் வெள்ள."

"செவலைக்கு மேல காரி ஏறுங்க. காரிக்கு மேலதான் ஒண்ணும் ஏறாது."

தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, கொம்பிலிருந்து வால்வரை இழுத்தாள். வல்லத்திராக்கோட்டை மாடு சிவசாமியின் கண்முன்னே குன்றாண்டார்கோவில் மாடானது. மூக்கின் வெள்ளையும் கண்ணின் வெள்ளையும் அப்படியே நின்றன. சிவசாமி தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணுல இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கும்."

ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"இவன்தான். எல்லாத்தையும் இவனாவே ஆக்கு."

கட்டோடு வாங்கிக்கொண்டு போனவர், பஸ் ஏறும் வரை கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். பிற்பகலில் கடைவாசலில் கால் வைக்க இடமில்லை. "எங்களுது மயிலைங்க, சாம்ப நெறம்." "நமக்கு நெத்தியில பொட்டு வேணும்." "அவுக மாட்டோட எங்க மாட்டச் சேத்துக் கட்டிறாதீங்க." சந்தைப்பேட்டைக்காரர் ஒருவர், சொன்னால் விளங்காது என்று மாட்டையே பிடித்து வந்துவிட்டார். அது வாசலில் தலையை நீட்டி, காயப்போட்டிருந்த அட்டை ஒன்றைக் கவ்வியது. இருளாயி பிடுங்கிப் பார்த்தாள்.

"கரும்பத்தான் தின்னுருக்கு. தன் மொகத்த விட்டுருச்சு."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு வீதிக்குப் பாய்ந்தது. பாதிப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். மீதிப் பேர் வரிசையில் முன்னேறினார்கள். புதுத் தாளை வெட்டி வெட்டிப் படம் குத்திய சூசைராஜ் கையை உதறினார்.

"இன்னும் எத்தன நெறந்தான் இருக்கு?"

"மாடு எத்தனையோ அத்தன, மொதலாளி. அங்கிட்டு அந்தக் கறுப்பத் தள்ளுங்க."

அவர் தள்ளினார்.

அந்த வருடம் டிசம்பரில் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கும் இருளாயியே வண்ணம் போட்டாள்.