இரண்டாவது ஆலாத்தி

பிள்ளையில்லாத ஒரு கொரிய அரசிக்காக என் மாமியார் அழுதுகொண்டிருந்தார். ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டில் தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு, தமிழில் குரல் கொடுத்த அரண்மனைத் தொடர் ஓடும். பக்கத்து வீட்டு அன்ரிமார் இருவரும் வந்துவிடுவார்கள். அரசிக்குக் கலியாணமாகிப் பல வருடம், வயிறு திறக்கவில்லை. ராசாவின் தாய் கசாயம் கொடுத்துப் பார்த்தாள், பிறகு இன்னொருத்தியை அரண்மனைக்குள் கொண்டுவந்து விட்டாள். அந்தக் கிழவியை இவர்கள் திட்டாத திட்டில்லை. இன்னொருத்தி பெற்ற குழந்தையை அரசி மடியில் வாங்கிய அன்று மூவரும் மூக்கைச் சிந்தினார்கள். யார் பெற்றாலும் அரசிதான் தாய் என்று தீர்ப்புச் சொன்னவர் என் மாமியார்.

இவர்களுக்கு ரீ போட்டுக் கொடுத்தவள் நான். கலியாணமாகிப் பதினான்கு வருடம், பிள்ளை இல்லை. எனக்கும் கசாயம் வந்தது, மாமியாரின் கையால்தான். சிங்கில் ஊற்றினேன். ரீவிக்குள் இருப்பவளும் தட்டோடு நிற்பவளும் ஒரே சாதி என்று மூவரில் ஒருவருக்காவது உறைத்ததா? அவ்வளவு மூளையை அவர்கள் செலவழிக்கமாட்டார்கள்.

அந்தக் கோடையில் என் கணவரின் தங்கை தன் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு வைத்தாள். தங்கைக்கு விமான நிலையத்தில் ஷிப்ற் வேலை. எட்டு மாதத்திலிருந்து அந்தப் பிள்ளையை வளர்த்தவள் நான். பள்ளிக்கூட வாசலில் பனிக்குள் காத்து நின்றதும் நான். தாய்மாமனின் மனைவி என்ற முறையும் இருக்கிறது. அவளுக்கு முன்னால் நின்று, கண்ணூறு கழிய விளக்குத் தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுக்கவேண்டும் என்பதைத் தவிர நான் வேறொன்றும் ஆசைப்படவில்லை.

சடங்குக்கு முதல் நாள் மாமியார் குசினிக்குள் வந்தார்.

“கோவிக்காதையும் பிள்ளை. ஆலாத்தி பிள்ளை பெத்தவைதான் எடுக்கிறது. நீர் பலகாரத் தட்டுகளைப் பாரும்.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார். தாய்மாமனாக நின்று தேங்காய் உடைக்க அவரை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை அவருக்கும்தான் இல்லை.

சடங்கன்று மிசிசாகாவில் ஹோல் நிறையச் சனம். சேலையும் நகையுமாகப் பிள்ளை மேடையில் இருந்தாள். முதல் இரண்டு அன்ரிமார் ஆலாத்தித் தட்டோடு ஏறியதும் கையை நீட்டி மறித்தாள்.

“மாமிதான் ஃபெர்ஸ்ட். மாமி வராட்டி நான் எழும்பிப் போயிடுவன்.”

மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. மாமியார் உடனே பல் முழுக்கத் தெரியச் சிரித்து என்னைக் கூப்பிட்டார். ஓர் அன்ரி எதிர்ப்பக்கம் பிடிக்க, வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிய, மூன்று முறை சுற்றினேன். பிள்ளை எனக்குக் கண்ணடித்தாள். நானும் திருப்பிக் கண்ணடித்தேன்.

நான் படி இறங்கி முடியவில்லை. நாலு பிள்ளை பெற்ற ஒருவரை மாமியார் இழுத்து வந்து என் இடத்தில் நிறுத்தி, திரிகளை மாற்றி, மறுபடி எடுக்கவைத்தார். நான் சுற்றியதைத் தோசமென்று கழிக்கிறார்கள் என்று பெரியவர்கள் எல்லோருக்கும் விளங்கியது.

சாப்பிடும்போது பிள்ளை என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“மாமி, ஏன் அவை திருப்பி எடுத்தவை?”

எதிரில் மாமியார். சோற்றில் அவர் கை அப்படியே நின்றது. நான் ஒரு வசனம் சொன்னால் போதும், பிள்ளை அம்மம்மாவின் முகத்தில் இனி முழிக்கமாட்டாள்.

“முதல் எடுத்தது படத்திலை சரியா வரேல்லையாம்,” என்றேன்.

“ஓ, ஓகே,” என்றாள். மாமியார் நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தார். இவர்களை மனிதராகவே மதிக்காத நான்தான் இவர்களின் மானத்தைக் காப்பாற்றினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.