பெஹ்ராமின் மாதுளை

நேற்று பாரிஸ் லா சப்பல் மீன்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண், வெட்டிய மீனின் குடலையும் செதிலையும் தனிப் பையில் கேட்டு வாங்கினார். "பல்கனியிலை கறிவேப்பிலை நிக்குது. அடியிலை தாட்டுவிட்டால் சடைச்சு வளரும்" என்று, நான் கேட்காமலே என்னிடம் சொன்னார். கீழ்வீட்டு வெள்ளைக்காரி பொலிசைக் கூப்பிடாவிட்டால் சரி என்றார் கடைக்காரர். நானும் சிரித்தேன். ஆனால் மெத்ரோவில் ஏறிய பிறகும் அந்த வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. செத்ததை மரத்துக்கு உரமாகப் புதைப்பது எங்கள் ஆட்களுக்குக் கையோடு வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் நான் ஒரு நண்பனை இழந்தேன்.

பல வருடங்களுக்கு முன், பாரிஸின் புறநகரான ஆர்ஜொந்தெய்யில், தொடர்மாடிகளுக்குப் பின்னால், ஒரு சங்கம் சிறுசிறு தோட்டத் துண்டுகளைப் பிரித்துக் கொடுத்திருந்தது. லா சப்பல் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நான், லீவு நாளில் அங்கே கத்தரியும் மிளகாயும் வைப்பேன். அடுத்த துண்டு பெஹ்ராமுடையது. ஈரானில் யஸ்த் நகரப் பக்கம் விவசாய அதிகாரியாக இருந்தவர். பழைய பாரசீகர்களின் சொராஸ்திர மதத்தைச் சேர்ந்தவர். நானோ ஊரில் வரலாறு படித்த பட்டதாரி. பாரசீக அரசர்களைப் பரீட்சைக்காக வரிசையாகப் பாடமாக்கியவன். அந்த அரசர்களுக்குச் சோறு போட்டவர்கள் எதை விதைத்தார்கள் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. நானும் யோசித்ததில்லை.

எங்கள் பழக்கம் ஒரு தீக்குச்சியில் தொடங்கியது. தேநீர் அடுப்பை மூட்டிய பெஹ்ராம் குச்சியை ஊதி அணைக்காமல், மண்ணில் குத்தி, தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டிலும் விளக்கை வாயால் ஊத மாட்டோம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு ஞாயிறுதோறும் கதைதான். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. அவர் சொன்னதெல்லாம் இப்போது என் நினைவில் தமிழாகவே கிடக்கிறது.

மலையடியிலிருந்து நிலத்துக்குக் கீழே சுரங்கம் வெட்டிப் பாலைவன வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொல்வார். ஓடும் நீரில் அழுக்குக் கையை வைக்கமாட்டார்களாம். அள்ளி எடுத்துத் தள்ளி நின்றுதான் கழுவுவார்களாம். அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தானியம் விதைப்பதே வழிபாடு. தரிசைத் திருத்தி வயலாக்குகிறவன் தீமையோடு சண்டை பிடிக்கிறான். மண்ணுக்கும் மனம் உண்டு, பயிர் நிற்கும் இடத்தில் அது மகிழும், பிணம் புதைத்த இடத்தில் துக்கப்படும் என்பார். நல்ல கதைகள் என்று கேட்டேன். படித்தவர்கள் மற்றவர்களின் நம்பிக்கையை அப்படித்தான் கேட்பார்கள்.

தோட்டத்தில் ஆளில்லாத ஒரு கிழட்டு நாய் திரிந்தது. ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை அதற்குப் போட்ட பிறகுதான் பெஹ்ராம் வாயில் வைப்பார். அதுவும் அவர்களுடைய வழக்கம். அவர் மகளைப் பார்க்க லியோன் போயிருந்த நாட்களில் அந்த நாய் கருவிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. ஊரில் என்றால் தென்னைக்கு அடியில் புதைப்போம். இங்கே தென்னை ஏது? அவர் விதை போட்டு வளர்த்த மாதுளை நின்றது. அவருடைய நாய், அவருடைய மரம், இரண்டும் ஒன்றாகட்டும் என்று ஆழமாகக் கிடங்கு வெட்டி வைத்தேன். வியர்த்து ஒழுகியது. நல்ல காரியம் செய்த களைப்பு என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவரிடம் பெருமையாகத்தான் சொன்னேன். மாதுளைக் கொப்பில் வைத்திருந்த கையை எடுத்தார்.

"அதை ஏன் மண்ணுக்குள்ளை வைச்சனீங்கள்?"

"உரந்தானே" என்றேன்.

அவர் திட்டவில்லை. துண்டைவிட்டு வெளியே வந்து நின்று சொன்னார்: "இனி ஒரு வருசத்துக்கு இதிலை விதைக்கவும் ஏலாது, தண்ணி விடவும் ஏலாது. மண் ஆறவேணும்."

அந்த வருடம் அவர் ஞாயிறுகளில் வந்து வேலியோரம் உட்கார்ந்திருப்பார். மழை மட்டும் அவரைக் கேட்காமல் பெய்தது. சங்கத் தலைவி ஒரு போர்த்துக்கீச அம்மா. பயிர் வைக்காத துண்டு காத்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று எச்சரித்தார். மண் ஓய்வெடுக்கிறது என்று மட்டும் பெஹ்ராம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் என் பெயர் வரும். செத்த விலங்கைத் தோட்டத்தில் புதைப்பது தடை. தெரிந்தால் என் துண்டு போய்விடும். நான் பக்கத்திலேயே மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கெட்டித்தனம் செய்தேன். அவர் வராத ஒரு கிழமையில் அவருடைய துண்டைக் கொத்தி வெந்தயம் தூவினேன். சீக்கிரம் முளைக்கும், தலைவியின் கண்ணுக்குப் பச்சை தெரியும், இடம் தப்பும். அடுத்த ஞாயிறு பெஹ்ராம் வந்தபோது வெந்தயம் விரல் உயரத்துக்கு நின்றது. நன்றி சொல்வார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

துண்டுக்குள் கால் வைக்காமல் நின்று பார்த்தார். பிறகு, "மண் ஆறட்டும், இடம் போனால் போகட்டும் எண்டுதான் இருந்தனான். அதுக்கு நீங்கள் விடேல்லை" என்றார். கொட்டில் பூட்டின் திறப்பை என் கையில் தந்துவிட்டு நடந்தார்.

அவர் வீடு எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளித்தான். நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன்; பிறகு அவர் லியோனில் மகளிடமே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் துண்டைச் சங்கம் எனக்கே தந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதுளை காய்த்தது. பாரிஸ் வெயிலுக்குச் சிறிய, புளித்த பழங்கள். கடைக்குக் கொண்டுபோனேன். மன்னாரிலிருந்து வந்த சமையல்காரர் உடைத்துத் தின்றுவிட்டு, "அண்ணை, உங்கடை கை ராசியான கை" என்றார். ஓம் என்றேன்.

இப்போது அங்கே தோட்டம் இல்லை. சங்கமும் கலைந்துவிட்டது. நேற்று மீனைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் ரயில் மாறி ஆர்ஜொந்தெய்யில் இறங்கி, அந்தப் பக்கம் நடந்தேன். மாதுளை நின்ற இடத்தில் புதிய மாடிவீடுகளின் கார் நிறுத்துமிடம். ஓரங்குலம் மண் வெளியே தெரியவில்லை. பெஹ்ராம் அந்த நிலத்துக்கு ஒரே ஒரு வருடம்தான் கேட்டார். இனி அதில் யாரும் விதைக்கப் போவதில்லை, தண்ணீர் விடப்போவதுமில்லை.