செரம்பான் தகரம்

கிள்ளானில் இன்று என் பெயர் எழுதிய லோரி ஓடாத சாலை இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற படிப்புதான் எனக்கு. ஆனாலும் ஒரு லோரியைக்கூட அடுத்த மாநிலத்தில் பதிந்து வரியை மிச்சம் பிடித்ததில்லை. கெட்டிக்காரர்கள் பிடிக்கட்டும். அந்தக் கெட்டிக்காரத்தனம் என் வீட்டுக்குச் செய்ததை நினைத்தால் இந்த வயதிலும் ரத்தம் கொதிக்கிறது.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். பெரியப்பாவின் மாட்டு வண்டியை அப்பா ஓட்டினார். செங்கல் சுமை. வண்டி வரி எங்கள் சிலாங்கூர் மாநிலத்தில் அதிகம். செமினி தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் போய்விட்டால் குறைவு. பெரியப்பா வண்டியை அங்கே செரம்பானில் பதிந்து நம்பர் தகரம் வாங்கி வந்தார். அதுவும் அப்பா பெயரில். "நீ வேற நான் வேறயாடா தம்பி?" என்றார். வெளி மாநில வண்டி சுமையை இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும், இங்கேயே தங்கி ஓடக்கூடாது என்பது சட்டம். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் எங்கள் தெருமுனையிலேயே வரி பார்க்கிற ஐயா வண்டியை மறித்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் சிறுவனான நான் உட்கார்ந்திருந்தேன்.

"எங்கேர்ந்து வர்றே?"

"செரம்பான்லேர்ந்துங்க ஐயா. இப்பத்தான் வந்து சேந்தேன்."

"அவ்வளவு தூரமா? பாவம், மாடு களைச்சிருக்கும். அவிழ்த்து விடு."

அப்பா தயங்கினார். ஐயாவே அவிழ்த்துவிட்டார். மாடுகள் இரண்டும் அப்படி இப்படிப் பார்க்கவில்லை. நேராகக் கோவிலைத் தாண்டி, எங்கள் சந்தில் திரும்பி, எங்கள் கொட்டகைக்குள் புகுந்து தவிட்டுத் தொட்டியில் வாய் வைத்தன.

தெருவே சிரித்தது. "செரம்பான் மாட்டுக்கு நம்ம சந்து நல்லாத் தெரியுது லா!" என்றார் பால்காரர். எங்கள் மாடுகளின் புத்தியை எண்ணி நானும் பெருமையாகச் சிரித்தேன்.

பின்னாலேயே வந்த ஐயா சிரிக்கவில்லை. "வண்டி யாரோடது?"

கொட்டகை வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியப்பாவை அப்பா பார்த்தார். பெரியப்பா நிதானமாகத் துப்பினார்.

"தகரம் யார் பேர்ல இருக்கோ அவனோடதுதாங்க. நான் என்னத்தக் கண்டேன்?"

அப்பா வாயைத் திறக்கவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசினால் மரியாதை இல்லையாம். அந்த மரியாதையை அடுப்பில் போட! ஏய்த்த வரியோடு அபராதமும் விழுந்தது. பெரியப்பா மடியை அவிழ்க்கவில்லை. கட்ட வழியில்லாத அப்பா ஜெயிலுக்குப் போனார். அவர் உள்ளே இருந்தபோதே அந்த மனுஷன் சிலாங்கூர் தகரம் மாட்டி, வேறு ஆளை வைத்து அதே வண்டியை ஓட்டினார். பெரியப்பா செத்தபோது நான் போகவில்லை. ஊர் பேசியது. பேசட்டும்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு, ஐயா வரவழைத்த போலீஸ்காரர் அப்பாவை அழைத்துப்போக, அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, நான் தெருப் பையன்களிடம் ஓடினேன்.

"கேட்டீங்களாடா? அது எங்கப்பா வண்டியாம்! பெரியப்பாவே சொல்லிட்டாரு!"