வெள்ளைப் பூ வந்த மலை

பூ வைத்துப் பார்த்துத்தான் நாங்கள் இந்த நாட்டுக்கே வந்தோம். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிக் கடதாசியில் தனித்தனியாக மடித்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைக்க வேண்டும். மனதில் உள்ளதைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்க வேண்டும். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் ஊரோடு நிற்பது என்று கேட்டோம். வெள்ளை வந்தது. மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. எனக்குப் படிப்புக் குறைவு. கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் நின்றேன். கும்பிடப் போக அப்போது இங்கே கோயில் இல்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில் பிள்ளையார் படம் ஒன்றை வைத்து, திருநீற்றுக் குடுவையும் சின்ன விளக்கும் வைத்திருந்தோம். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதற்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பேன். வீடு வாங்கும்போதும் அங்கே பூ வைத்துத்தான் கேட்டேன். பனியில் சறுக்க எந்த மலைக்குப் போவது என்று கேட்டதும் அங்கேதான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மகள். அப்போது பத்து வயது. அந்த வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் கம்பியில் தொங்கி விளையாடியபோது கை வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது. ஆறு கிழமை மாவுக்கட்டு. கட்டை வெட்டின டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, இனி ஓடித் திரியலாம் என்றார். பிள்ளை ஓடவில்லை. மாசி போய், இங்கே குளிர்காலமான ஆடியும் வந்துவிட்டது, அவள் ஓடவில்லை. படியில் இறங்கும்போது இரண்டு கையாலும் கைபிடியைப் பிடிப்பாள். மழை பெய்து நிலம் ஈரமென்றால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைப்பாள். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் ஓட, இவள் மர வாங்கில் இருந்தபடி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள் என்று ரீச்சர் கடிதம் எழுதி அனுப்பினா.

நாங்களும் அந்தப் பயத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம். கதிரையை விட்டு எழும்பினால் "மெதுவா பிள்ளை." வாசலைத் தாண்டினால் "மெதுவா." அவள் பெயரைக் கூப்பிட்டதைவிட அந்தச் சொல்லைச் சொன்னதுதான் கூட.

தொழிற்சாலையில் எங்கள் போர்மன் ஒஸ்ரியாக்காரர், அந்த நாட்டுப் பனி மலையில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது மகளின் கதையை அவரிடம் சொன்னேன்.

"பயம் அவளின்ரை காலுக்குள்ளை இருக்கு. வாயாலை சொல்லி எடுக்கேலாது. காலைத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும்" என்றார். பனியில் சறுக்கப் பழக்கு என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த காட்போட் பெட்டியைக் கிழித்து, பென்சிலால் ஒரு சரிவு கீறினார். "தொடங்கிற ஆளுக்கு மலை எவ்வளவு உயரம் எண்டது முக்கியமில்லை. கீழே எப்படி முடியுது எண்டதுதான் முக்கியம். இஞ்சை பார். அடியிலை நிலம் நீளத்துக்கு மட்டமா இருக்கவேணும். அப்பதான் ஒண்டும் செய்யாமலே ஆள் தானா நிற்கும். தான் நிற்பன் எண்டு தெரிஞ்சால் பயம் போயிடும். வேகமா வாறவங்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. படிப்பிக்க ஒரு ஆள் வேணும். இந்த மூண்டும் இருந்தால் போதும்."

அப்படிப்பட்ட ஒரு சின்ன மலை நூஜி என்ற ஊருக்கு அப்பால் இருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, பனிக்காலத்தில் தான் போய்த் தங்குகிற லொட்ஜ் வடக்கே ஒரு பெரிய மலையில் இருக்கிறது, குடும்பத்தோடு அங்கே வா, இரண்டு நாள் எல்லாரும் ஒன்றாக இருப்போம் என்றார்.

இந்த நாட்டுக்கு வந்து அத்தனை காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் என்னைக் குடும்பத்தோடு வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லில் சின்ன மலை எனக்கு மறந்துபோய்விட்டது. மறந்தது என்று எழுதுவதும் பொய். மறைத்தேன்.

வீட்டில் காட்போட் படத்தை மேசையில் வைத்து, பெரிய மலைக்குப் போகிறோம் என்றேன்.

மனைவி படத்தைப் பார்க்கவேயில்லை. "உங்களுக்கென்ன விசரே? இந்த மாதம் எங்கடை வார்ட்டுக்கு வந்து பாருங்கோ. காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற ஆக்கள் எல்லாம் எங்கையிருந்து வந்தவையெண்டு நினைக்கிறியள்?"

"அந்த மனுசன் பக்கத்திலை நிண்டு பார்ப்பார்."

"அவர் பனியிலை பிறந்தவர். நீங்கள் வெயில் கொளுத்துற வேலணையிலை பிறந்தனீங்கள். பிரிட்ஜிலை ஐஸ் எடுக்கிறதுக்கே துவாய் தேடுற ஆள் நீங்கள்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தாலும் அவள் சிரித்தது நல்லதாக இருந்தது.

"போறதெண்டால்," மனைவி சொன்னா, "எங்கடை வார்ட் சிஸ்டர் ஒரு சின்ன மலை சொன்னவ. நூஜிப் பக்கமாம். அங்கை எண்டால் யோசிக்கலாம்."

"அதிலை என்ன இருக்கு? சின்னப் பிள்ளையள் சறுக்கிற மேடு."

"எங்கடையும் சின்னப் பிள்ளைதானே."

இப்படி ஒரு கிழமை போனது. குசினியில் தொடங்கினால் படுக்கிற அறை வரைக்கும் பெரிய மலை, சின்ன மலை. மகள் ஒன்றும் சொல்லவில்லை. காட்போட் படம் மேசையில் இருந்து எப்போது காணாமல் போனது என்று நான் கவனிக்கவுமில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன், பூ வைத்துப் பார்ப்போம் என்று. வெள்ளை வந்தால் சின்ன மலை, சிவப்பு வந்தால் பெரிய மலை. என்ன வந்தாலும் பிறகு வாய் திறக்கமாட்டேன் என்று மனைவியும் ஒத்துக்கொண்டா.

வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லாரும் முழுகினோம். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் கமேலியா மரங்கள் இரண்டு எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. சாமிக்கு வேண்டியதைப் பிடுங்கலாம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தா. முழுப் பூவையும் மடிக்க முடியாது என்பதால் ஒவ்வோர் இதழ் எடுத்தேன். பாண் சுற்றி வந்த கடதாசியில் இரண்டையும் மடித்துத் தட்டில் வைத்து, மிச்சப் பூவைப் படத்துக்குச் சாத்திவிட்டு, கை கழுவி மனைவியையும் கூட்டிவரப் போனேன். வந்து கற்பூரம் கொளுத்தினேன். மனதுக்குள், அப்பனே, பெரிய மலை எண்டு சொல்லு என்று கேட்டதையும் ஒளிக்கவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

"சின்ன மலை," என்றாள் மகள். மனைவி பெரிதாக ஒரு மூச்சு விட்டா.

சாமி சொன்ன பிறகு எனக்கென்ன. தட்டை எடுத்துக்கொண்டு, பூவை எலுமிச்சை மரத்தடியில் போடப் போனேன். போடும்போது மற்றக் கடதாசியும் விரிந்தது. அதற்குள்ளும் வெள்ளை இதழ்.

இரண்டு இதழையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இதழை மடித்தது நான். என் கண்ணால் பார்த்து மடித்தேன். அந்த வீட்டில் சின்ன மலை வேண்டும் என்று நின்றவ ஒருத்திதான். என்னை ஏமாற்றினால் பரவாயில்லை, பிள்ளையாரை ஏமாற்றலாமா என்று நெஞ்சு எரிந்தது. கேட்டால் பிள்ளைக்கு முன்னால் பெரிய சண்டையாகிவிடும். கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றையிலிருந்து மனைவியிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். தலையிடியோ என்று இரண்டு தரம் கேட்டா. ஓம் என்றேன். இந்தப் பயணத்துக்குப் பிள்ளையாரின் அனுமதி இருக்கிறதோ இல்லையோ என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு காலையும் திருநீறு பூசினேன்.

போர்மனிடம் சின்ன மலைக்குப் போகிறோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "அதுதான் சரி," என்றார் அவர். "லொட்ஜிலை தனிய இருந்து சீட்டு விளையாடி எனக்கு அலுத்துப் போச்சு. அதுதான் உன்னைக் கூப்பிட்டனான்." அடுத்த நாள் தன் மகள் சின்ன வயதில் போட்ட சிவப்புப் பனிச்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் விடியப் புறப்பட்டோம். மலையடியில் ஒரு கராஜில், பனியில் கார் வழுக்காமல் சில்லுக்குப் போடும் சங்கிலி வாடகைக்கு எடுத்தோம். எப்படிப் போடுவது என்று அந்த மனிதர் காட்டித்தந்தும் நான் உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் போட்டு, பிறகு கழற்றிச் சரியாகப் போட்டேன். மேலே போகப் போக மரங்களெல்லாம் வெள்ளை. கார் நின்றதும் மகள் கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்தாள். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து சரிவு வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு, கண்ணாடியில் நடப்பது போல நடந்தோம்.

சரிவைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காட்போட் ஞாபகம் வந்தது. அப்படியே கீறி வைத்த மாதிரி. ஒரு சின்ன இறக்கம், அதற்குக் கீழே பள்ளிக்கூட மைதானம் போல மட்டமான வெள்ளை நிலம். பெரிய ஆட்கள் சறுக்கும் பக்கம் மரங்களுக்கு அப்பால் தனியாக இருந்தது. படிப்பிக்கிற பெண்ணுக்கு இருபது வயதுகூட இராது. பிள்ளையின் சப்பாத்தை ஸ்கீ என்கிற நீளச் சறுக்குப் பலகையில் பூட்டி, முனைகள் இரண்டையும் உள்ளே சேர்த்தால் வேகம் குறையும் என்று காட்டி, கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏற வைத்தாள்.

மேலே நின்று மகள் எங்களைப் பார்த்தாள். மனைவியின் வாய் திறந்தது. என்ன சொல்லப் போகிறா என்று எனக்குத் தெரியும், என் வாயிலும் அதே சொல்தான். இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் பிள்ளையாரே என்றேன். அந்தப் பெண் கையை விட்டாள்.

என் பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முழங்காலை மடித்து, கண்ணை அகல விழித்தபடி கீழே வந்தாள். மட்டமான நிலத்துக்கு வந்து, வேகம் குறைந்து, குறைந்து, எங்களுக்கு நேரே நின்றாள். ஒருத்தரும் பிடிக்கவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி மேலே ஏறத் தொடங்கினாள்.

மத்தியானம் காருக்குள் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பிளாஸ்கில் தேத்தண்ணி. ஏழு தரம் இறங்கினேன், ஒரு தரம்தான் விழுந்தேன், விழுந்தது நோகவில்லை என்று மகள் வாய் ஓயாமல் சொன்னாள். எனக்கு மனம் இளகிவிட்டது.

"சரி, நீர் செய்த வேலை நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு," என்றேன் மனைவியிடம்.

"நான் என்ன செய்தனான்?"

சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்துக் காட்டினேன். இதழ் வாடி மண்ணிறமாகியிருந்தது. "ரெண்டும் வெள்ளை. சாமியோடை விளையாடலாமே?"

"கடவுளாணை நான் தொடயில்லை! இதுக்குத்தானே இவ்வளவு நாளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

பின் சீட்டில் மகள் பாணைக் கீழே வைத்தாள். "அம்மா இல்லை, அப்பா. நான்."

இரண்டு பேரும் திரும்பினோம்.

"நீங்கள் கை கழுவப் போகேக்கை மாத்தினனான். அந்தப் படத்தை ரீச்சரிட்டைக் கொண்டுபோய்க் காட்டி, இப்பிடி எந்த மலை இருக்கெண்டு கேட்டனான். இந்த மலைதான் எண்டவ. எனக்கு இஞ்சை வரத்தான் விருப்பம். சிவப்பு வந்திருந்தால் நீங்கள் பிறகு ஆர் சொன்னாலும் கேக்கமாட்டியள்."

பயந்த பிள்ளை என்று நாங்கள் கட்டிக்காத்த பிள்ளை, எங்களுக்கு முதலே மலையைத் தெரிந்தெடுத்து வைத்திருக்கிறாள். வர மாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வர விருப்பமோ என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

"பிள்ளையாரிட்டையாவது ஒரு வார்த்தை கேட்டனியோ?" என்றேன்.

"கேட்டனான். மாத்தப் போறன், கோவிக்காதைங்கோ எண்டு சொல்லிப்போட்டுத்தான் மாத்தினனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அப்ப ஓம் எண்டுதான் நினைச்சன்."

மனைவி சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டா. நான் அந்த வாடின இதழைக் கண்ணில் ஒற்றி, திரும்பவும் பைக்குள் வைத்தேன். பிள்ளையார் கோபித்திருந்தால் அன்று அப்படி வெயில் எறித்திருக்காது. என் படிப்புக்கு எட்டினது அவ்வளவுதான். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஸ்கீயைப் பூட்டிக்கொண்டு நீங்களும் ஒருக்கா இறங்குங்கோ, அப்பதான் மன்னிப்பு," என்றா.

இறங்கினேன். பாதி வழியில் விழுந்து, இருந்த இருப்பிலேயே சறுக்கித்தான் மிச்சம் வந்தேன். "அப்பா, பயப்பிடாதைங்கோ, கீழே தானா நிற்கும்!" என்று மகள் கத்தினாள். அது உண்மை. தானாகத்தான் நின்றது.

வெயில் சாயப் புறப்பட்டோம். ஸ்கீயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது, காலையில் மூன்று பேரும் கைகோத்து நடந்த அதே வழி முன்னால் கிடந்தது. காரைக் கண்டதும் மகள் என் சட்டையை விட்டாள். சிவப்புச் சட்டை காற்றில் உப்ப, பனி காலடியில் தெறிக்க, ஓடினாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா. மெதுவா என்று இரண்டு பேரில் ஒருத்தரும் சொல்லவில்லை.